வாசகர் கேள்விகள்: ஜன்னல் கம்பி நெளிகிறதா?

கே: அப்பாவுக்கு 58 வயது. கொழுப்பு குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆன்லைனில் நியாசின் 500 மி.கி. மாத்திரை வாங்கி, வேளைக்கு இரண்டாக மூன்று வேளையும் போடுகிறார். நான்கு மாதமாகிறது. இப்போது ஜன்னல் கம்பி நெளிந்து தெரிகிறதாம், பேப்பரில் நடு எழுத்து மங்குகிறதாம். கண்ணாடி மாற்றியும் பலனில்லை. சர்க்கரை கிடையாது. வைட்டமின்தானே, அதனாலா?
– வாசகர், மன்னார்குடி

ப: அதனால் இருக்கலாம். நியாசின் என்பது வைட்டமின் பி3. ஓர் ஆணுக்கு நாளைக்குத் தேவை சுமார் 16 மி.கி.; அப்பா விழுங்குவது 3,000. அந்த அளவில் அது வைட்டமின் அல்ல, மருந்து. சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவில் நீர் கோத்துச் சின்னச் சின்னக் குமிழ்களாக நிற்கும். கோடு நெளிவது அதனால்தான். கண்ணாடியால் இதைத் திருத்த முடியாது.

டாக்டர் எழுதிக் கொடுத்ததில்லை என்பதால் இன்றே நிறுத்துங்கள். டப்பாவை எறியாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். லேபிளில் நிகோடினிக் அமிலமா, நிகோடினமைடா (இரண்டும் பி3-இன் வகைகள்) என்று பாருங்கள். இந்த வீக்கத்துக்குப் பேர்போனது முதலாவது. போட்டதும் முகம் சிவந்து எரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் குமிழ்கள் தெரியும். சாய ஊசி போட்டுப் படமெடுத்தால், வீக்கம் இருந்தும் சாயம் கசியாது. சர்க்கரையால் வரும் வீக்கத்தில் கசியும். வேறுபாடு அங்கேதான் பிடிபடும். கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள், திரும்பும்போது அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். கல்லீரல் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்த அளவு அதையும் கெடுக்கக்கூடும்.

நிறுத்திய சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதங்களுக்குள் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். அதுவரை மாதக் காலண்டரின் கட்டங்களை, படிக்கும் கண்ணாடியுடன் ஓர் அடி தள்ளி வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். பார்வையின் நடுவில் திடீரென்று கருப்பு விழுந்தால் அன்றே போக வேண்டும்.

கே: பீடி பிடிக்கும் என் மாமாவுக்குக் கண் சத்து மாத்திரை வாங்கலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

ப: பீட்டா கரோட்டின் உள்ளதை வாங்காதீர்கள், புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். 2013-இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பின் அதற்குப் பதில் லூட்டின் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி. என்ற நிறச்சத்துகளைச் சேர்க்கிறார்கள். அதுவும் வயதால் வரும் மேக்குலா தேய்வு ஓரளவு முற்றியவருக்குத்தான். மாமாவுக்கு அது இருக்கிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். இல்லையென்றால் மாத்திரைக் காசு மிச்சம்.