பாடகர் இறந்த பிறகு ஆலிஸ் இன் செயின்ஸ் அதே பெயரில் தொடர்ந்தது சரியா?

‘லேன் ஸ்டேலி இல்லாமல் ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற பெயரை வைத்திருப்பது, செத்தவர் பெயரில் பிழைப்பு நடத்துவதுதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். (தெரியாதவர்களுக்கு: அது ஒரு அமெரிக்க ராக் குழு, லேன் அதன் பாடகர்.) நீங்கள் பழைய ஆல்பங்களை மனப்பாடமாகக் கேட்டவர், 2009-க்குப் பிறகு வந்தவற்றைத் தொடாமலே ஒதுக்கியவர் என்று நினைக்கிறேன். கேள்வியில் இருக்கும் கோபம் எனக்கு அப்படித்தான் படுகிறது. ஏனென்றால் அதே கோபத்தோடு நான் ஏழு வருடம் இருந்தேன். என் கோபத்தால் ஒரு குழுவே இல்லாமல் போனது. அதனால் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர். கல்லூரி முதல் வருடத்தில் சேர்ந்து, ஐந்து வருடம் வாசித்தோம். சொந்தப் பாட்டு ஆறு. மற்றதெல்லாம் அடுத்தவர் பாட்டு, அதில் பாதிக்கு மேல் ஆலிஸ் இன் செயின்ஸ். எங்களிடம் குரல் இரண்டு இருந்ததுதான் காரணம். பாடகன் மேலே போவான். நான் கிட்டாரை வாசித்துக்கொண்டே அவன் பாடும் அதே வரியைக் கீழே வேறு சுரத்தில் பிடிப்பேன். 2008-ல் ஒரு சாலை விபத்தில் அவன் போய்விட்டான். 23 வயது.

ஒன்றரை வருடம் கழித்து டிரம்மர் கூப்பிட்டான். “மச்சான், ஒரு பையன் இருக்கான். நல்லாப் பாடறான். நம்மாளு மாதிரி பாட முயற்சியே பண்ணலடா, அவன் பாணியிலதான் பாடறான். ஒரே ஒரு நாள் ஒத்திகைக்கு வந்து கேளு.” லேன் இல்லாமல் ஆலிஸ் இன் செயின்ஸ் அப்போதுதான் வெளியிட்டிருந்த ‘பிளாக் கிவ்ஸ் வே டு புளூ’ ஆல்பத்தையும் எனக்கு அனுப்பியிருந்தான். நான் ஒத்திகைக்குப் போகவில்லை. ஆல்பத்தையும் கேட்கவில்லை. “செத்தவன் பேர்ல சோறு திங்காத” என்று எழுதி அனுப்பினேன். அவனிடமிருந்து பதில் வரவில்லை. குழு அதோடு முடிந்தது. உங்கள் கேள்வியில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

இனி அவர்கள் கதை. 1987-ல் சியாட்டிலில் லேனும் கிட்டார்காரர் ஜெர்ரி கான்ட்ரெல்லும் சந்தித்தபோது ஜெர்ரிக்குத் தங்க இடமில்லை. அந்த வருடம்தான் அவர் தாயும் இறந்திருந்தார். ‘மியூசிக் பேங்க்’ என்ற ஒத்திகைக் கூடத்தில் லேன் தங்கியிருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார். டிரம்ஸுக்கு ஷான் கின்னி, பேஸுக்கு மைக் ஸ்டார். 1990-ல் ‘ஃபேஸ்லிஃப்ட்’ ஆல்பம், 1992-ல் ‘டர்ட்’. 1994 ஜனவரியில் வந்த ‘ஜார் ஆஃப் ஃப்ளைஸ்’ ஒரே வாரத்தில் எழுதிப் பதிவு செய்யப்பட்டது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் எடுத்த எடுப்பிலேயே முதல் இடத்தில் இறங்கிய முதல் ஈ.பி. (முழு ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு) அதுதான்.

இந்த வெற்றியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு முக்கியம் அந்தப் பாட்டுகளில் குரல் எப்படி அமைந்திருக்கிறது என்பது. மற்ற குழுக்களில் இரண்டாவது குரல், நாகஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதுபோலப் பின்னால் கிடக்கும். இங்கே அப்படி இல்லை. லேனும் ஜெர்ரியும் ஒரே வரியைத் தோளோடு தோள் சுமப்பார்கள். சில இடங்களில் இரண்டு சுரமும் உரசும், காது கூசும், அந்த உரசல்தான் அவர்கள் அடையாளம். ஜெர்ரியின் பங்கைப் பாடிப் பாடிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்: அதைத் தனியாகப் பாடினால் பாட்டு அடையாளமே தெரியாது. லேனின் பங்கைத் தனியாகப் பாடினாலும் ஏதோ குறையும். ஆலிஸ் இன் செயின்ஸ் குரல் என்று நாம் நினைவில் வைத்திருப்பது இரண்டு பேருடைய குரல். அதில் ஒருவர் உயிரோடு இருக்கிறார். ‘பாடகர் போய்விட்டார், இனி அந்தக் குழு இல்லை’ என்று சொல்லும்போது இவரையும் சேர்த்துத்தான் புதைக்கிறோம்.

1996 ஏப்ரலில் நியூயார்க்கில் எம்டிவிக்காக மின்கிட்டார்களை விட்டுவிட்டு அக்கூஸ்டிக் கிட்டார்களோடு வாசித்தார்கள். அதில் லேன் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். அதே வருடம் ஜூலை 3-ம் தேதி கேன்சஸ் சிட்டியில், கிஸ் குழுவுக்கு முன்னால் வாசித்ததுதான் லேனோடு நடந்த கடைசிக் கச்சேரி. 1998-ல் இரண்டு பாட்டுகள் பதிவானதோடு சரி. 2002 ஏப்ரல் 19 அன்று சியாட்டில் வீட்டில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். ஏப்ரல் 5-ம் தேதியே இறந்திருக்கிறார். ஹெராயினும் கோக்கைனும் கலந்த கலவை. வயது 34. இரண்டு வாரம் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறார். இதை எழுதுவதற்கே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நான் கவனிக்கத் தவறிய கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது. 1996-லிருந்து 2002 வரை ஆறு வருடம், புகழின் உச்சியில் இருந்த ஒரு குழு, மேடை ஏற முடியாத பாடகருக்குப் பதிலாக இன்னொருவரைத் தேடவில்லை. அவர் இறந்த பிறகும் மூன்று வருடம் அந்தப் பெயரில் மேடை ஏறவில்லை. பெயரை விற்கிறவர்கள் ஒன்பது வருடம் கடையை மூடி வைப்பார்களா?

மறுபடி ஒன்றுசேர்ந்த நாள் 2005 பிப்ரவரி 18, சியாட்டில். எதற்காகத் தெரியுமா? சுனாமி நிதிக்காக. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் வாரிக்கொண்டு போன அதே அலை. அதில் எல்லாம் இழந்தவர்களுக்காக உலகத்தின் அந்தக் கோடியில் அவர்கள் மேடை ஏறினார்கள். ஏற்பாட்டைத் தொடங்கியவர் டிரம்மர் ஷான் கின்னி. அன்று லேனின் இடத்தில் நிரந்தரமாக ஒருவரை நிறுத்தவில்லை. டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனன், ஹார்ட் குழுவின் ஆன் வில்சன் என்று பல பேர் வந்து பாடிக்கொடுத்தார்கள்.

2016-ல் இதைப் படித்தபோது ‘டிரம்மர்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். எங்கள் குழுவிலும் முதலில் எழுந்தவன் டிரம்மர்தான். நான் அவனுக்கு எழுதியது இப்போதும் அழியாமல் இருக்கிறது, தேடி எடுத்துப் படித்தேன்.

அன்று இரவுதான் அந்த 2009 ஆல்பத்தை முதல் முறையாகக் கேட்டேன். புதிதாக வந்தவர் வில்லியம் டுவால். வழியில் போனவரைப் பிடித்து வந்து நிறுத்தவில்லை. சொந்தமாகக் குழு வைத்திருந்தவர், ஜெர்ரியின் தனி ஆல்பத்துக்கான பயணத்தில் அவரோடு வாசித்தவர். 2006-லிருந்து இவர்களோடு மேடை ஏறினார். ஒப்பந்தம் போட்ட கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், ஜெர்ரியும் ஷானும் கைக்காசு போட்டு ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். வெளியான நாள் செப்டம்பர் 29. பதினேழு வருடத்துக்கு முன் ‘டர்ட்’ வெளியானதும் அதே தேதியில்தான்.

கேட்டபோது எனக்குப் புரிந்தது இதுதான். லேனின் இடத்துக்கு டுவாலைத் தள்ளவில்லை. பெரும்பாலான பாட்டுகளில் ஜெர்ரி முன்னால் வந்து நிற்கிறார். ஜெர்ரி நின்ற இடத்தில் டுவால் நிற்கிறார். ஒரு படி நகர்ந்து காலி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நானும் அப்படி மேலே நகர்ந்திருக்கலாம். அவன் பாடிய வரிகளை என் குரலில் எடுத்திருக்கலாம். அந்தப் பையன் என் இடத்தில் நின்றிருப்பான். எங்கள் ஆறு பாட்டும் பிழைத்திருக்கும். இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. டிரம்மருக்குத் தோன்றியிருக்கிறது, அதனால்தான் அந்த ஆல்பத்தை அனுப்பியிருக்கிறான்.

எந்த வரியை யார் பாடுகிறார் என்று உறுதி செய்துகொள்ள அன்று நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேசட் காலத்தில் உள் அட்டையில் பேஸ் யார், இரண்டாவது குரல் யார், எந்தக் கூடத்தில் பதிவானது எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகி இருக்கும். நாங்கள் இசைக்கலைஞர்களைத் தெரிந்துகொண்டதே அப்படித்தான். அன்று நான் பார்த்த செயலியில் பெரிதாக ஒரு பெயர், கீழே ஒரு படம், அவ்வளவுதான். மிஞ்சிப்போனால் எழுதியவர் பெயர் இருந்தது. வாசித்தவன் பெயர் எங்கே? மேடையிலும் இதே கதைதான். ஒலி அமைப்பவர் முதல் மைக்கை மட்டும் ஏற்றிவிட்டு என் மைக்கை இறக்கிவிடுவார். ஐந்து வருடமும் ஒவ்வொரு சவுண்ட் செக்கிலும் கெஞ்சியிருக்கிறேன். குழு என்றால் பாடகர் மட்டும்தான் என்ற எண்ணம் இப்படித்தான் ஊறுகிறது. பிறகு பாடகர் இறந்ததும் மற்றவர்களைப் பார்த்து ‘நீங்கள் யார்?’ என்று கேட்கிறோம்.

இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். டுவால் லேனுக்கு ஈடு என்று நான் எங்கும் எழுதவில்லை. ‘டர்ட்’டைப் போல இன்னொன்று அவர்களிடமிருந்து வரவில்லை, வரவும் வராது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்ததும் ஜாய் டிவிஷன்காரர்கள் பெயரை நியூ ஆர்டர் என்று மாற்றிக்கொண்டார்களே என்பீர்கள். உண்மை. அவர்கள் பாட்டும் மாறியது, பெயரும் மாறியது, அது அவர்கள் முடிவு. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், குழு ஜூலையிலேயே அதே பெயரில் ‘பேக் இன் பிளாக்’ வெளியிட்டது, அதை யாரும் துரோகம் என்று சொல்லக் காணோம். மைக் ஸ்டார் 1993-லேயே விலகினார், அவர் இடத்துக்கு மைக் ஐனஸ் வந்தார், ஸ்டார் 2011-ல் இறந்தும் போனார். அப்போது பெயர் போய்விட்டது என்று ஒருவராவது கேட்டீர்களா? அந்தப் பெயருக்காக ஒரே அறையில் படுத்து உறங்கியவர்கள் முடிவு செய்யட்டும். ரசிகன் கேட்காமல் விடலாம், அந்த உரிமை போதும். என் நிலைமை வேறு, நான் குழுவுக்குள்ளேயே இருந்தவன், எனக்குச் சொல்ல உரிமை இருந்தது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உரிமை இருந்தது. ஒரு நாள் ஒத்திகைக்குப் போய்க் கேட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்பதாக இருந்தால் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை முதலில் கேளுங்கள். ஆல்பத்தின் பெயரேதான் அதற்கும். லேனுக்காக ஜெர்ரி எழுதியது, அவரே பாடுகிறார். கூடவே ஓடும் பியானோ எல்டன் ஜான். லேன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த கச்சேரி எல்டன் ஜானுடையது.

அதைக் கேட்ட மறுநாள் டிரம்மருக்குப் போன் போட்டேன். ஏழு வருடம் பேசியிருக்கவில்லை. டிரம்ஸை 2010-லேயே விற்றுவிட்டானாம், அதில் ஸ்னேர் என்ற சின்ன டிரம் மட்டும் அலமாரி மேல் இருக்கிறதாம். நீ அனுப்பியதை நேற்றுதான் கேட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டியாடா?” என்றான். கேட்டேன் என்றேன். “அதுக்குத்தான்டா அனுப்பினேன்” என்றான்.