அலுமினிய ஜன்னல்ல ஊசிக்குழி, ஆசிட் வச்சு கழுவலாமா?

கேள்வி: கொல்லங்கோடு கடற்கரை பக்கம் வீடு. ஸ்லைடிங் ஜன்னல் ஃப்ரேம்ல வெள்ளப் பொடி பூக்குது, தொடச்சா அடியில ஊசி குத்துன மாதிரி குழி. பாறசாலை கடைக்காரர் பாத்ரூம் ஆசிட் போட்டு கழுவச் சொல்றார். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்.

அலுமினியத்த காப்பாத்துறது அது மேல தானா படியுற ஆக்சைடு படலம்தான், சில நானோமீட்டர் தடிமன், அவ்வளவுதான். கடல் காத்துல வர்ற உப்போட குளோரைடு அந்தப் படலம் எங்க வீக்கா இருக்கோ அங்க போய் ஒடைக்கும். ஒருதடவ குழி விழுந்துட்டா கதை வேற, உள்ள கரையுற அலுமினியம் தண்ணியோட சேர்ந்து அமிலத்த உண்டாக்கும், அது வெளிய இருக்க குளோரைடையும் உள்ள இழுக்கும், அதனால மேல பளபளன்னு இருக்கும்போதே குழி தனக்குத்தானே தோண்டிக்கிட்டு போகும். நீங்க பாக்குற வெள்ளப் பொடி அப்படி கரைஞ்சு வெளிய வந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு.

இதே வேலைய ஃபேக்டரில வேணும்னே செய்றாங்க. சார்ஜர், எல்இடி டிரைவர்ல இருக்க, மின்சாரத்த சேர்த்து வைக்குற உருளை கெப்பாசிட்டருக்கு அலுமினிய ஃபாயில ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கரைசல்ல போட்டு கரண்ட் விடுவாங்க, டிசி விட்டா படிகத்தோட திசையில நேர்நேரா மைக்ரான் அளவு சுரங்கம் விழும், ஏசி விட்டா எல்லாப் பக்கமும் பொடிப்பொடியா அரிக்கும். பரப்பு பல மடங்கு கூடும், அவங்களுக்கு அது லாபம். பாத்ரூம் ஆசிட்டும் பெரும்பாலும் அதே ஹைட்ரோகுளோரிக்தான், அதப் போய் ஜன்னல்ல ஊத்தச் சொல்றார் பாருங்க! காஸ்டிக் சோடாவும் ஆகாது, படலம் தாங்குறது ஏறக்குறைய பிஎச் (அமில, கார அளவு) 4லருந்து 8.5 வரைக்கும்தான். சுண்ணாம்பும் காரம்தான், அதனால சுவருக்கு அடிக்கும்போது ஃப்ரேம மூடுங்க.

நல்ல தண்ணி, கொஞ்சம் சோப்பு, நைலான் பிரஷ் போதும், ஸ்டீல் ஸ்க்ரப்பர் கூடாது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அடிக்குற பக்கம் உப்பு தானா கழுவிப்போகும், சன்ஷேடுக்கு அடியில மழை படாத எடம்தான் ஜாஸ்தி கெடும், அங்க வாரத்துக்கு ஒருதடவ தண்ணி அடிங்க. டிராக்ல தண்ணி வடியுற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. பித்தளை ஸ்க்ரூ, இரும்பு ஸ்க்ரூ நேரா அலுமினியத்துல பட்டா அந்த எடம் சீக்கிரம் அரிக்கும், நடுவுல பிளாஸ்டிக் வாஷர் போடச் சொல்லுங்க.

சின்னக் குழியா இருந்தா ஃப்ரேம மாத்த வேண்டியதில்ல, ஆழம் போகப்போக வேகம் பெரும்பாலும் கொறஞ்சிரும். புதுசா வாங்குனா கடற்கரைக்கு 25 மைக்ரான் அனோடைசிங் (கரண்ட் விட்டு அந்த ஆக்சைடு படலத்த தடிமனாக்குறது), அத பில்லுல எழுதி வாங்குங்க.