பங்குனியில் தென்காசிப் பயணம்

கேள்வி: என்னோடு வேலை பார்த்த நண்பர் ஓய்வுபெற்று மனைவியோடு தென்காசியில் குடியேறிவிட்டார். மார்ச்சில் சென்னையிலிருந்து நாங்கள் இருவரும் காரிலேயே போய்ப் பார்க்கலாமா? எனக்கு வயது 63. குற்றாலத்தில் குளிக்க முடியுமா?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். சென்னையிலிருந்து தென்காசி 600 கிலோமீட்டருக்கும் மேல், வெயிலும் ஏற ஆரம்பித்திருக்கும். விடியற்காலையில் கிளம்பி, திருச்சியில் சாப்பிட்டு, மதுரையில் இரவு தங்கிவிடுங்கள். மதுரைக்கு அப்புறம் சாலை தென்மேற்காகப் போவதால், சாயங்காலம் ஓட்டினால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், அதனால் அந்தப் பகுதியைக் காலையில் ஓட்டுவதுதான் நல்லது. வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடை சாத்துவதற்குள் ஆண்டாளைத் தரிசித்துவிட்டு, நண்பருக்குப் பால்கோவா வாங்கிக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அது. ராஜபாளையம் நெருங்கும்போது வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி!

குற்றாலத்தை நம்பிப் போகாதீர்கள். சீசன் ஜூனில்தான் தொடங்கும், மார்ச்சில் பாறைதான் தெரியும்.

இன்னொன்று, எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நண்பரின் மனைவி இந்த வயதில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்க வேண்டாம், ஒரு வேளையாவது அவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே சாப்பிடுங்கள்.