ஒரே ஷீட், எட்டுப் பேர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். ஆர்டர் கணக்கைக் கூகுள் ஷீட்ஸில் வைத்து எட்டுப் பேர் திறந்து வேலை பார்க்கிறோம். ஒருவர் ஃபில்டர் போட்டால் எல்லார் திரையிலும் பாதி வரிகள் மறைந்துவிடுகின்றன. போன வாரம் பார்ட்டி பெயர் ஒன்று, போன் எண் வேறொன்று என்று மொத்தமும் மாறிக் கிடந்தது. யார் செய்தது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

டேட்டா மெனுவில் உள்ள சாதாரண ஃபில்டர் ஷீட்டுக்கே பொதுவானது. திருத்தும் உரிமை உள்ள யார் போட்டாலும் எல்லாருக்கும் வரிகள் மறையும். அதே மெனுவில் 'கிரியேட் ஃபில்டர் வியூ' இருக்கிறது. அதைப் போட்டால் வடிகட்டுவதும் வரிசைப்படுத்துவதும் போட்டவர் திரையோடு நின்றுவிடும். 'கோவை பார்ட்டி', 'பணம் பாக்கி' என்று பெயர் வைத்துச் சேமித்தால், தினமும் அதையே திறந்துகொள்ளலாம். இனி சாதாரண ஃபில்டரைத் தொடக் கூடாது என்று எட்டுப் பேரிடமும் சொல்லிவிடுங்கள்.

பெயரும் எண்ணும் மாறியதற்குப் பெரும்பாலும் 'சார்ட் ரேஞ்ச்' காரணமாக இருக்கும். தேர்ந்தெடுத்த கட்டங்களை மட்டும்தான் அது வரிசைப்படுத்தும். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அதைக் கொடுத்தால் பெயர்கள் அகர வரிசைக்கு வந்துவிடும், பக்கத்தில் உள்ள எண்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. 'சார்ட் ஷீட்' கொடுத்தால் முழு வரியும் சேர்ந்து நகரும்.

மீட்பதற்கு ஃபைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' திறந்து, மாறுவதற்கு முந்தைய பதிப்பைக் கண்டுபிடியுங்கள். எந்த மாற்றத்தை யார் செய்தார் என்பதும் அங்கே தெரியும். அவசரப்பட்டு 'ரீஸ்டோர்' அழுத்த வேண்டாம். அழுத்தினால் அதற்குப் பிறகு மற்ற ஏழு பேர் ஏற்றிய ஆர்டர்களும் பழைய நிலைக்குப் போய்விடும். அந்தப் பதிப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'மேக் எ காப்பி' எடுத்து, கெட்டுப்போன நெடுவரிசையை மட்டும் அதிலிருந்து கொண்டு வந்து ஒட்டுங்கள். இடையில் புதிதாகச் சேர்ந்த வரிகளைக் கையால் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு கட்டத்தின் கதை தெரிந்தால் போதும் என்றால், அதில் வலது சொடுக்கி 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பாருங்கள். வரியை நீக்கியது, நிறம் மாற்றியது போன்றவை அதில் வராமல் போகலாம்.

பார்ட்டி பெயர், முகவரி, போன் எண் இருக்கும் பகுதியை 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' கொண்டு பூட்டி, இருவருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள். இந்தப் பூட்டு கை பட்டுக் கெடாமல் காக்கும், ரகசியத்தைக் காக்காது. கொள்முதல் விலை போன்றவற்றை நெடுவரிசையில் மறைத்து வைத்தாலும், ஷீட்டை நகல் எடுப்பவர் திறந்து பார்த்துவிடலாம். அதற்குத் தனி ஃபைல்தான் வேண்டும். அங்கிருந்து 'இம்போர்ட்ரேஞ்ச்' சூத்திரத்தால் கொஞ்சம் மட்டும் இழுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், இழுக்கும் ஷீட்டைத் திருத்தக்கூடிய எவரும் மூல ஃபைலின் எந்தப் பகுதியையும் இழுக்க முடியும். ஆகவே அந்த ஷீட்டில் மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும்.

கேள்வி: எங்கள் சங்க உறுப்பினர் பட்டியலில் பெயரை வைத்து விலுக்அப் (பட்டியலில் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டால் சில பெயர்கள் கிடைப்பதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.
- வாசகி, மதுரை

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. முதலில் எழுத்துகளை எண்ணும் 'லென்' சூத்திரம் போட்டுப் பாருங்கள். 'முருகன்' என்பதற்கு 7 வர வேண்டும், ஏனென்றால் துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளையும் அது தனித்தனியாக எண்ணும். 8 வந்தால் இடைவெளியோ, வேறு இடத்திலிருந்து நகலெடுத்தபோது வந்த கண்ணுக்குத் தெரியாத எழுத்தோ ஒட்டியிருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை 'ட்ரிம்' நீக்கும். 'க.முருகன்', 'க. முருகன்' என்ற வித்தியாசத்தை அது தொடாது.

'ஸ்ரீ' இன்னும் நுட்பமானது. சில விசைப்பலகைகள் ஸ-வை வைத்தும், சில ஶ-வை வைத்தும் அதை உருவாக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், லென் கணக்கும் இரண்டுக்கும் 4 தான். 'யூனிகோட்' சூத்திரம் முதல் எழுத்தின் எண்ணைக் காட்டும்: ஸ என்றால் 3000, ஶ என்றால் 2998. 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' மூலம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

ஆனாலும் தமிழ்ப் பெயரை வைத்துத் தேடுவதையே விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர் எண் கொடுத்து அதை வைத்துத் தேடுங்கள். எண் 0-வில் தொடங்கினால், தட்டச்சுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'பிளெய்ன் டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும். பிறகு மாற்றினால் போன பூஜ்ஜியம் திரும்பாது.

கேள்வி: வேலையை விட்டுப் போனவர் தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கிய ஷீட்டில்தான் எங்கள் கணக்கு எல்லாம் இருக்கிறது. ஆபத்தா?
- வாசகர், திருச்சி

பதில்: ஆபத்துதான். ஃபைல் அவருடையது. அவர் குப்பையில் போட்டால் 30 நாளில் எல்லாருக்கும் போய்விடும். அவர் நல்ல முறையில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: 'ஷேர்' பெட்டியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' கொடுத்தால் உங்களுக்கு அழைப்பு வரும், நீங்கள் ஏற்றால்தான் உரிமை மாறும். சொந்த ஜிமெயிலிலிருந்து அலுவலக வொர்க்ஸ்பேஸ் கணக்குக்கு இப்படி மாற்ற முடியாது.

அவர் கிடைக்காவிட்டால் இன்றே 'மேக் எ காப்பி' எடுங்கள். பழைய வெர்ஷன் ஹிஸ்டரி நகலில் வராது. கூகுள் ஃபார்ம் இணைத்திருந்தால் ஃபார்முக்கும் ஒரு நகல் உருவாகும், ஆனால் வாடிக்கையாளர்களிடம் உள்ள பழைய இணைப்பு பழைய ஷீட்டிலேயே பதில்களைக் கொண்டு சேர்க்கும். புதிய இணைப்பை அனுப்ப மறக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இனிமேல் கடையின் பெயரில் ஒரு கணக்கு திறந்து ஃபைல்களை அதிலேயே தொடங்குங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத சொந்தக் கணக்குகளைக் கூகுள் நீக்கக்கூடும், அதனால் அவ்வப்போது அதில் உள்நுழையுங்கள். 'ஷேர்டு டிரைவ்' உள்ள கட்டணத் திட்டம் எடுத்தால் ஃபைல்கள் நிறுவனத்துக்கே சொந்தம், ஆள் போனாலும் அவை நிற்கும்.

கேள்வி: குழுப் பேச்சுக்கு ஸ்லாக் செயலியின் இலவசத் திட்டம் போதுமா?
- வாசகி, சேலம்

பதில்: அன்றாடப் பேச்சுக்குப் போதும். கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும், ஓராண்டு கடந்தவை நீக்கப்படும். விலை, தேதி, பொறுப்பு என்று முடிவான எதையும் அன்றைக்கே தனி டாக்ஸ் ஃபைலில் எழுதி, அதன் இணைப்பைச் சேனலில் 'பின்' செய்து வையுங்கள்.