ஆம்பள வேஷத்துல பட்டாளத்துல சேந்த பொம்பளைங்க மெடிக்கல் டெஸ்ட்ல எப்படி மாட்டல?

ஏனுங்க, நம்ம கோயமுத்தூர் பக்கம் ஆர்மி செலக்‌ஷன்ல ஜட்டியோட நிக்க வெச்சு பாக்கறத மனசுல வெச்சுட்டு கேக்கறீங்க, அன்னிக்கு அப்படியெல்லாம் இல்லீங்க. 1861ல ஆரம்பிச்ச அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஆளுக்கு அவ்வளவு அவசரம், வெடிமருந்து சுத்தியிருக்கற தோட்டா காயிதத்த கடிச்சு கிழிக்க முன்பல்லு இருக்கா, ட்ரிக்கர் அமுத்த வெரல் இருக்கான்னு பாத்துட்டு உள்ள தள்ளிருவாங்க, மீச மொளைக்காத பசங்களும் நெறைய இருந்ததால யாருக்கும் சந்தேகம் வராது, துணிய மாத்தாமயே தூங்கறது வேற.

நம்மூருக்கு கிட்டத்துலயே ஒருத்தங்க சண்ட போட்டிருக்காங்க தெரியுங்களா? ஹன்னா ஸ்னெல்னு இங்கிலாந்துக்காரம்மா, ஜேம்ஸ் கிரேங்கற பேர்ல வந்து 1748ல பாண்டிச்சேரி முற்றுகைல இருந்தாங்க. தொடைக்கு மேல பாஞ்ச குண்ட டாக்டருக்கு காட்டாம உள்ளூர் பொம்பள ஒருத்தர் உதவியோட எடுத்தேன்னு அவங்களே சொன்னது, அதுல கொஞ்சம் மசாலா இருக்கும்னு எனக்கு தோணுது, ஆனா 1750ல பென்ஷன் வாங்குனது நெசமுங்க.

ஆல்பர்ட் கேஷியர் கதையே வேற, 1862ல அதே அமெரிக்க உள்நாட்டுப் போர்ல இல்லினாய் மாநிலப் படைல சேந்து, போர் முடிஞ்சும் ஆம்பளையாவே வாழ்ந்து, 1911ல கார் மோதி கால் ஒடைஞ்சப்பதான் பொம்பளையா பொறந்தவங்கன்னு டாக்டருக்கே தெரிஞ்சுது. 1915ல செத்தப்ப யூனிஃபார்மோடயே பொதைச்சாங்க.