ஆர்டர் வந்த பிறகும் போகும் நினைவூட்டல்

வணக்கம். கொட்டேஷன் அனுப்பி மூன்று நாள் கழித்துப் போகவேண்டிய நினைவூட்டல், ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவருக்கும் போகிறது என்கிறீர்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை மென்பொருளில் இதை நிறுத்தத் தனியாக நிரல் எதுவும் எழுத வேண்டாம். நினைவூட்டலைத் தானாக அனுப்பும் ஃப்ளோவின் நுழைவு நிபந்தனையில் ஸ்டேஜ் (விற்பனை இருக்கும் கட்டம்) 'கொட்டேஷன் அனுப்பியது' என்று வையுங்கள். பதிவு அந்த நிபந்தனைக்குள் புதிதாக வரும்போது மட்டும் ஓடும்படி கீழே ஒரு தேர்வு இருக்கும், அதையும் குறியுங்கள். ஆர்டர் வந்து ஸ்டேஜ் மாறியதும், காத்திருக்கும் ஷெட்யூல்டு பாத் (ஃப்ளோவில் குறித்த நேரத்தில் ஓடும் பகுதி) தானாக வரிசையிலிருந்து நீங்கிவிடும்.

அப்புறம், நேரத்தையும் பாருங்கள். தேதி மட்டும் உள்ள ஃபீல்டிலிருந்து 3 நாள் என்றால் நடுராத்திரியில் மெயில் போய் நிற்கும். நான் 81 மணி நேரம் என்று போடுவேன், மூன்று நாளின் 72-உடன் 9. காலை ஒன்பது மணி வாக்கில் போகும். ஃப்ளோவுக்கு முந்தைய தானியங்கி வசதியான பழைய வொர்க்ஃப்ளோ ரூலில் மட்டும் கட்டாதீர்கள், அதற்கான ஆதரவு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது.