சிறை வாசலில் ஒரு கேள்வி

கேள்வி: அப்பாவின் அலமாரி நிறைய மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். புத்தகத்தை அப்படிக் கொண்டாடிய நாட்டில்தானே எழுத்தாளர்களைச் சிறையில் போட்டார்கள்? ஒரு கைதியையாவது இலக்கியம் வெளியே கொண்டுவந்ததா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கொண்டுவரவில்லை. ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகன் லெவ் 1938-ல் கைதானார். லெனின்கிராடு சிறை வாசலில் 17 மாதங்கள் வரிசையில் நின்றார் அந்தத் தாய். மகன் மறுபடி கைதானபோது, ஸ்டாலினைப் புகழ்ந்துகூட 1950-ல் கவிதை வெளியிட்டார். அதுவும் பலிக்கவில்லை. 1956-ல்தான் மகன் வீடு திரும்பினார்.

ஆனால் அந்த வரிசையில், குளிரில் உதடு நீலம்பாரித்த ஒரு பெண் அவர் காதோரம் கேட்டாள்: "இதை உங்களால் எழுத முடியுமா?" "முடியும்" என்றார். அவள் விடுதலை கேட்கவில்லை, கவனித்தீர்களா? நடப்பது நடந்ததாக எங்காவது பதிவாக வேண்டும் என்று தவித்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் 'ரெக்வியம்' என்ற கவிதைத் தொடர். தாளில் இருந்தால் ஆபத்து. தோழி லிதியா சுக்கோவ்ஸ்கயா வரும்போது, ஒட்டுக்கேட்பவர்களுக்காக "டீ குடிக்கிறீர்களா?" என்று உரக்கக் கேட்டபடியே அக்மதோவா துண்டுத்தாளில் எழுதி நீட்டுவார். தோழி மனப்பாடம் செய்துவிட்டுத் திருப்பித் தருவார். உடனே தீக்குச்சி, சாம்பல் கிண்ணம். சோவியத் மண்ணில் அது அச்சேறியது 1987-ல்.

லிதியாவின் கணவரையும் 1938-ல் சுட்டுக் கொன்றிருந்தார்கள். லிதியா ரகசியமாக எழுதிய 'சோஃபியா பெத்ரோவ்னா' குறுநாவலில் ஒரு தாய், தன் மகன் மட்டும் தவறுதலாகக் கைதானவன் என்றும் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் நிஜமாகவே துரோகிகளின் வீட்டார் என்றும் நம்புகிறாள்.  தணிக்கையின் மிகக் கொடிய வேலை இதுதான் என்பேன்: ஒரே துயரத்தில் நிற்பவர்களை ஒருவரையொருவர் நம்பவிடாமல் செய்வது. ஒரு வரியை இன்னொருவர் நெஞ்சில் வாங்கிக்கொள்ளும்போது அந்தத் தனிமை உடைகிறது. இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

அதிகாரிகளுக்கும் இது தெரிந்திருந்தது. 1961-ல் சோவியத் எழுத்தாளர் வாசிலி கிராஸ்மனின் நாவலைப் பறிமுதல் செய்தபோது கார்பன் தாளையும் தட்டச்சு ரிப்பனையும்கூட அள்ளிச் சென்றார்கள். நண்பர் காப்பாற்றிய பிரதியால்தான் 1980-ல் அது சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது.

அப்பாவின் அலமாரியை வெறுத்துவிடாதீர்கள். அதில் செகாவ் கதைகள் இருந்தால் நிதானமாகப் படியுங்கள். எந்தப் புத்தகங்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது என்றும் தேடுங்கள். 'ரெக்வியம்' முன்னுரையில் தொடங்கலாம். ஒரு பக்கம்கூட வராது.